அலுவலகங்கள் விட்டுப்போன சாலை

பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரை வடக்கே போகும் வழி இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ராஜாஜி சாலையில் தொடங்கி, ராயபுரத்துத் தெருக்களுக்குள் நுழைந்து, எல்லோரும் டி.எச். ரோடு என்று சொல்லும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையாக நீண்டு, எர்ணாவூர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூர்க் கழிமுகத்தில் அது முடிகிறது. சென்னையின் அலுவலகச் சந்தை பிறந்தது இந்த வழியின் தென்முனையில்தான். இன்று அலுவலக வாடகை பற்றி வெளிவரும் காலாண்டு அறிக்கைகளில் அடிபடும் பெயர்கள் தரமணி, பெருங்குடி, கிண்டி, போரூர். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்ற பெயர்களை அவற்றில் காண்பது அரிது. இது எப்படி நேர்ந்தது, இதை மாற்ற முடியுமா என்ற கேள்விகளுக்கான விடை இந்தச் சாலையிலேயே கிடக்கிறது.

பாரிமுனை

தாமஸ் பாரி 1788-ல் சென்னைக்கு வந்தவர். 1803-ல் இந்த முனையில் இருந்த கட்டடத்தை வாங்கினார். அப்போது கடல் அவர் வாசலுக்கு எதிரேயே இருந்தது. துறைமுகம் கட்டப்பட்ட பிறகுதான் அலை கிழக்கே தள்ளிப்போனது. 1884-ல் தலைமை அஞ்சலகம், 1897-ல் இன்று ஸ்டேட் வங்கி இயங்கும் செங்கல் மாளிகை, 1940-ல் பாரி நிறுவனத்தின் டேர் ஹவுஸ் என்று முதல் கடற்கரைச் சாலை, அதாவது இன்றைய ராஜாஜி சாலை, நிரம்பியது. பக்கத்திலேயே சுங்க இல்லம். கப்பல், சுங்கம், வங்கி, தபால் நான்கும் நடந்துபோகும் தூரத்தில் இருந்ததுதான் இங்கே அலுவலகம் வைப்பதற்கான முழுக் காரணம். சரக்குக்கான காகிதங்களைப் பையனிடம் கொடுத்து அனுப்பினால் ஒரே பகலில் நான்கு மேஜைகளைச் சுற்றி அவை திரும்பிவிடும்.

பின்னால் இருந்த இரண்டாம் கடற்கரைச் சாலையில் 1937-ல் மெட்ராஸ் பங்குச் சந்தை அமைந்தது. தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் கிளியரிங் ஏஜென்டுகள், கப்பல் முகவர்கள், வழக்கறிஞர்கள், கணக்காளர்கள் மாடி மாடியாகக் குடியேறினார்கள். கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். 1949-ல் அவருடைய எம்.ஆர்.எஃப். தன் முதல் அலுவலகத்தைத் திறந்தது தம்புச் செட்டித் தெரு 334-ஆம் எண்ணில். தொழிற்சாலை சாலையின் வடக்கே, அலுவலகம் சாலையின் தெற்கே. ஒரே சாலையின் இரு முனைகளாக நகரத்தின் தொழில் இயங்கிய காலம் அது.

அந்த ஏற்பாடு மெல்ல மெல்லக் கலைந்தது. 1959-ல் அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் உயர்ந்தபோது பெரிய நிறுவனங்களின் பார்வை தெற்கே திரும்பியிருந்தது. எம்.ஆர்.எஃப். தலைமையகம் கிரீம்ஸ் சாலைக்குப் போனது. எண்ணூரில் லாரி செய்யும் அசோக் லேலண்டின் பதிவு அலுவலகம் நெடுங்காலம் ராஜாஜி சாலை 19-ஆம் எண்ணில் இருந்தது. இப்போது கிண்டியில், சர்தார் படேல் சாலையில். அர்பத்நாட் வங்கி 1906-ல் திவாலானதன் எதிர்வினையாக 1907-ல் பிறந்த இந்தியன் வங்கி, தன் கார்ப்பரேட் அலுவலகத்தை ராயப்பேட்டையில் வைத்திருக்கிறது. பங்குச் சந்தை 2015-ல் தொழிலிலிருந்தே விலகியது. பாரிமுனையை இன்றும் விடாமல் பிடித்திருப்பது முருகப்பா குழுமம். அக்குழுமத்தின் சோழமண்டலம் நிதி நிறுவனம்கூட இப்போது கிண்டிக்குப் போய்விட்டது.

காரணங்கள் மூன்று. முதலாவது, வாடகைச் சட்டம். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நியாய வாடகை கேட்டு உரிமையாளர் நீதிமன்றப் படியேறினால் தலைமுறையே ஓடிவிடும். பழைய வாடகையில் கட்டடத்தைப் பராமரிக்க முடியாது. பராமரிக்காத கட்டடத்துக்குப் புதிய குடித்தனக்காரர் வரமாட்டார். இந்தப் பூட்டில் பாரிமுனையைச் சுற்றியுள்ள ஜார்ஜ் டவுனின் மாடிகள் சிதிலமாயின. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் வாடகை ஆணையத்தில் பதிவையும் கட்டாயமாக்கி, வாடகையை இரு தரப்பின் உடன்பாட்டுக்கு விட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் அது வருவதற்குள் பல கட்டடங்கள் தாங்கும் நிலையைத் தாண்டிவிட்டன.

இரண்டாவது, போக்குவரத்து. நெரிசலைக் குறைப்பதற்காகக் கொத்தவால் சாவடி சந்தை 1996-லும் வெளியூர்ப் பேருந்துகள் 2002-லும் இங்கிருந்து கோயம்பேட்டுக்குப் போயின. முடிவு சரியானது. ஆனால் காலியான இடத்தில் என்ன வர வேண்டும் என்ற திட்டம் யாரிடமும் இல்லை. மூன்றாவது, கணினி. சுங்க ஆவணங்களை ஐஸ்கேட் தளத்தில் ஏற்றிவிடலாம் என்று ஆனபின் சுங்க இல்லத்துக்குப் பக்கத்தில் வாடகை கொடுத்து உட்கார வேண்டிய அவசியம் தளர்ந்தது. சரக்கு வந்து இறங்கும் இடம் மாறவில்லை. அதன் காகிதம் எங்கிருந்தும் ஓடலாம் என்றாகிவிட்டது.

ராயபுரம்

1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது ராயபுரத்திலிருந்துதான். வாலாஜா ரோடு வரை போன அந்தப் பாதையை ஒட்டித்தான் இந்தப் பகுதியே எழுந்தது. பிறகு முனையம் சென்ட்ரலுக்கு நகர்ந்தது. 1922-ல் ரயில்வே நிர்வாகத்துக்கு சென்ட்ரல் அருகே பெரிய தலைமையகக் கட்டடம் எழுந்தது. அலுவலகம் போய், தண்டவாளம் தங்கிவிடுவது இந்தச் சாலையில் புதிய கதை அல்ல.

ராயபுரத்துக்குக் கிடைத்தது துறைமுகத்தின் பின்கட்டு வேலை. 1983-ல் நாட்டின் முதல் பிரத்தியேகக் கன்டெய்னர் முனையம் சென்னைத் துறைமுகத்தில் தொடங்கியது. அதன்பின் இங்கே நிலத்துக்கு விலை வைத்தது கன்டெய்னர்தான். குடோன், யார்டு, டிரெய்லர் நிறுத்துமிடம் என்று இடம் வாடகைக்குப் போயிற்று. இதே துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் தூசி ராயபுரத்து வீடுகளின் தரையில் படிந்து கிடந்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் எண்ணூருக்கு மாறின. அந்த ஒரு தீர்ப்பு ராயபுரத்தில் மனிதர் மூச்சுவிடவும் புதிய குடியிருப்புகள் எழவும் வழிசெய்தது. காற்று மாறினால் ஓர் இடத்தின் மதிப்பும் மாறும் என்பதற்கு வடசென்னையிலேயே இருக்கும் சான்று இது. தூசி எண்ணூர் மக்களின் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டி.எச். ரோடு

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை. டி.எச். ரோட்டில் கடைக்கு முன்புறம் கிடைத்தால் போதும், வாடகைக்குப் போய்விடும். தரைத்தளம் வங்கிக்கு, முதல் மாடி பல் மருத்துவருக்கு, அதற்கு மேல் டியூஷன் சென்டர். கட்டட உரிமையாளர்களுக்கு வங்கிக் கிளைதான் முதல் விருப்பம்: மாதம் பிறந்தால் வாடகை கணக்கில் விழுந்துவிடும், பல ஆண்டுகள் காலி செய்ய மாட்டார்கள். இதுதான் இங்கே நடக்கும் அலுவலகக் குத்தகை.

பெரிய நிறுவனம் கேட்பது வேறு. ஒரே தளத்தில் பல்லாயிரம் சதுர அடி, தீயணைப்புச் சான்று, பணிநிறைவுச் சான்று, முழுச் சுமையையும் தாங்கும் ஜெனரேட்டர், சிக்கலில்லாத பத்திரம். இவை இருந்தால் ஒன்பது ஆண்டு ஒப்பந்தம் போட்டு, முதல் மூன்று ஆண்டு வெளியேற மாட்டோம் என்று உறுதி தந்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வுக்கும் சம்மதிப்பார்கள். டி.எச். ரோட்டின் மனைகள் முகப்பு குறுகி உள்ளே நீண்டவை. பலவற்றில் அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை முடியவில்லை. கிழக்கே கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடு, மேற்கே ரயில் பாதையும் எண்ணெய்க் கிடங்குகளும். வாடகை குறைவு என்பதால் மட்டும் நிறுவனங்கள் வந்துவிடுவதில்லை. அவர்கள் கேட்கும் கட்டடம் இங்கே இல்லை என்பதுதான் நிலைமை.

ஆனால் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஒன்பது கிலோமீட்டர் மெட்ரோ திறக்கப்பட்டது. தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் என்று நிலையங்கள் இந்தச் சாலையோடு சேர்ந்தே போகின்றன. விமான நிலையத்துக்கு நேர் ரயில். கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மணிக்கணக்கில் காத்திருந்த பகுதிக்கு, நேரம் தவறாமல் சென்ட்ரலுக்குப் போகும் வழி கிடைத்தது. நாட்டில் பல நகரங்களில் அலுவலகச் சந்தை மெட்ரோ நிலையங்களைத் தேடிப் போகிறது. இங்கே நிலையம் வந்துவிட்டது. சந்தை இன்னும் வரவில்லை.

திருவொற்றியூர்

சென்னை மாநகராட்சியின் மண்டலங்களை எண்ணினால் முதலாவது திருவொற்றியூர். தொழில் வரலாற்றிலும் அதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு. விம்கோ தீப்பெட்டி ஆலை ஒரு நகருக்கும் ரயில் நிலையத்துக்கும் பெயரானது. 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டுகள் இங்கிருந்துதான் நாடெங்கும் போயின. கார்போரண்டம் யுனிவர்சலின் அரவைச் சக்கரங்கள், எம்.ஆர்.எஃப். டயர்கள், கே.சி.பி.யின் கனரக இயந்திரங்கள் என்று இந்தியத் தொழிலுக்கு வேண்டியவற்றில் பெரும்பங்கை இந்தச் சில கிலோமீட்டர்கள் கொடுத்திருக்கின்றன. ராயல் என்ஃபீல்டு 2013-ல் ஒரகடத்தில் புதிய ஆலை திறந்தது. வளர்ச்சி அங்கே போயிற்று.

ஆலையில் இயந்திரம் கூடக் கூட ஆள் குறைகிறது. அப்பா ஷிப்டுக்குப் போன ஆலையில் மகளுக்கு வேலை இல்லை. அவள் பி.காம். படித்திருக்கிறாள், கணினி தெரியும், ஆங்கிலம் பேசுகிறாள். அவளுக்கான வேலை அலுவலகத்தில் இருக்கிறது. அந்த அலுவலகம் பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கிறது. மெட்ரோ, பிறகு பேருந்து, பிறகு ஷேர் ஆட்டோ என்று மாறிப் போய்வர நாளின் பெரும்பகுதி கரைகிறது. இரவு திரும்ப நேரமாகும் என்பதற்காகவே பல வீடுகளில் பெண்களை வேலைக்கு அனுப்பத் தயங்குகிறார்கள். அலுவலகம் எங்கே அமைகிறது என்ற கேள்வி, எந்தப் பகுதிப் பெண்கள் சம்பளம் வாங்குவார்கள் என்ற கேள்வியும் ஆகிறது. ஓர் அலுவலகம் வந்தால் கேன்டீன், காவல், துப்புரவு, ஆட்டோ, வாடகை வீடு என்று அதைச் சுற்றி நூறு குடும்பம் பிழைக்கும். வடசென்னை இழந்தது கட்டட வாடகையை மட்டுமல்ல.

எண்ணூர்

சாலை முடியும் இடத்தில்தான் இழப்பின் மறுபக்கம் தெரிகிறது. 1970-ல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், நிலக்கரிக்காகவே வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் பரவி மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் கெடுத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள்.

இங்கே அலுவலகம் கட்டலாம் என்று எந்த முதலீட்டாளரையும் அழைப்பதற்கு முன், இங்கே குழந்தை வளர்க்கலாம் என்று சொல்லும் நிலை வர வேண்டும். காற்றின் தரம் சரியானால்தான் குத்தகைதாரர் வருவார் என்பது வணிகக் கணக்கு. அங்கே இப்போது வாழ்கிறவர்களுக்கு நல்ல காற்று முதலில் சேர வேண்டும் என்பது நியாயக் கணக்கு. இரண்டும் ஒரே செலவில் தீரும்.

செய்ய வேண்டியது

தென்சென்னையின் அலுவலகச் சந்தை தானாக முளைத்ததல்ல. 2000 ஜூலையில் அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து தரமணியில் டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காவைத் திறந்தன. பழைய மாமல்லபுரம் சாலை ஆறுவழிச் சாலையாகி 2008-ல் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் பெற்றது. அரசு முதல் கட்டடத்தைக் கட்டி, முதல் சாலையைப் போட்டு, முதல் குத்தகைதாரரை அழைத்த பிறகே தனியார் வந்தார்கள். 2024-ல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி ஆகிய ஊர்களில் சிறிய டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. பட்டாபிராமில் 21 மாடிக் கட்டடம் எழுந்தது. துறைமுக நகரமான தூத்துக்குடிக்குப் பொருந்திய யோசனை, சென்னையின் துறைமுகப் பகுதிக்கு ஏன் பொருந்தாது?

2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய் மதிப்பில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. பள்ளி, மருத்துவமனை, குடிநீர், குடியிருப்பு எல்லாம் அதில் உண்டு, எல்லாம் தேவை. அதே ஆண்டு நவம்பரில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டது; மடிக்கணினியோடு வந்து அரைநாள் உட்கார்ந்து வேலை செய்ய 50 ரூபாய்தான். வீட்டில் இடமில்லாத இளைஞர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அங்கே போய்ப் பார்த்தால் தெரியும். படைப்பகத்தில் பயின்று தேறுகிறவர்களுக்கு அடுத்த படியாக ஓர் அலுவலகம் பக்கத்திலேயே வேண்டும்.

மூன்று காரியங்களைச் செய்யலாம். டி.எச். ரோட்டு மெட்ரோ நிலையம் ஒன்றின் நடைதூரத்தில் அரசு ஒரு டைடல் கட்டடம் எழுப்பட்டும். கப்பல், சரக்கு, காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கு வேலை அதற்கு இயல்பான முதல் குடித்தனம். ஜார்ஜ் டவுனின் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் உரிமையாளர்களுக்குச் சொத்து வரியிலும் அனுமதியிலும் சலுகை கிடைக்கட்டும். புதிய வாடகைச் சட்டம் திறந்த கதவு அப்போதுதான் பயன்படும். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலை வைத்து வளர்ந்த நிறுவனங்கள் தங்கள் அலுவலகத்தின் ஒரு பிரிவையாவது ஆலைக்குப் பக்கத்தில் கொண்டுவரட்டும். மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கு இன்னொரு மெட்ரோ பாதை கட்டப்பட்டு வருகிறது. வடக்கின் ஆட்களைத் தெற்கே வேலைக்குக் கொண்டுபோக இத்தனை கோடி செலவிடும் நகரம், அதில் ஒரு சிறு பங்கை வேலையை வடக்கே கொண்டுவரவும் செலவிட வேண்டும். இந்தச் சாலையின் மக்கள் நூறு ஆண்டுகளாக நகரத்துக்குக் கொடுத்ததற்கு அது உரிய கடன்.