நீர் நடுவே நீர் வேட்கை

நாற்புறமும் நீர் சூழ்ந்திருக்க, நீரின்மையால் ஒரு பொருள் அழிந்துபடுதல் உண்டோ எனின், உண்டு. யாழ்ப்பாணக் கடலில் நாள்தோறும் செல்லும் சிறு படகின் இயந்திரமே அதற்குச் சான்று. எரிபொருள் தரும் வெப்பத்தில் மூன்றிலொரு பங்களவே, சிறு இயந்திரங்களில் அதனினும் குறைவாகவே, படகை உந்தும் வேலையாக மாறுகின்றது. எஞ்சிய வெப்பம் புகையோடும் குளிர்த்தும் நீரோடும் வெளியேறல் வேண்டும். அந்நீர் சில நிமிடங்கள் தடைப்படின், உருளையினுள் முசலம் இறுகி இயந்திரம் நின்றுவிடும். நடுவழியில் நின்ற வண்டியை விட்டு இறங்கி நடக்கலாம். கடலில் நின்ற படகை விட்டு இறங்குதற்கு இடமில்லை.

பாய்மரக் காலத்தில் இவ்வச்சம் இருந்ததில்லை. சோளகம், வாடை, கச்சான், கொண்டல் எனக் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயரிட்டு, அதன் போக்கறிந்து வாழ்ந்தவர் இக்கரையோர மக்கள். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தமை வரலாறு. 1950களின் பிற்பகுதி தொடக்கம் மூன்றரைத் தொன் படகுகள் உள்ளிணைப்பு இயந்திரங்களுடன் இக்கடலில் இறங்கின. 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டவரின் துணையோடு காரைநகரிற் சீநோர் நிறுவனத்தின் படகுத்தளம் தோன்றியது. பின்னர், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் பரவின. காற்றுக்குக் காத்திருக்கும் நிலை நீங்கியது. ஆனால், கண்ணுக்குப் புலப்படாத ஒரு நீரோட்டத்தை நம்பியிருக்கும் நிலை புகுந்தது.

அந்நீரோட்டத்துக்கு இக்கடலே பகையாகவும் அமைகின்றது. யாழ்ப்பாணக் கடனீரேரி பல இடங்களில் ஓராள் ஆழமும் அற்றது, பாக்குநீரிணையும் ஆழங்குறைந்ததே. காற்றுக் காலத்தில் அறுந்து மிதக்கும் சாதாழையும், விசிறி கிளப்பும் சேறும் மணலும், நாகரிகம் கடலுக்கு ஈந்த பொலித்தீன் பைகளும் நீர் புகும் வாயை அடைத்துவிடுகின்றன. உள்ளே நீரை இறைப்பது இறப்பர் இதழ்களையுடைய ஒரு சிறு சில்லு. மணல் அதனைத் தேய்க்கும். நீரின்றிச் சுழலின் சிறிது நேரத்திலேயே அது கருகிக் கிழியும்.

இவற்றினும் நுண்ணிய பகை உப்பு. கடல்நீர் ஏறக்குறைய 60 பாகை செல்சியசுக்கு மேற் சூடாகும்போது அதிலுள்ள சுண்ணாம்பு உப்புக்கள் குழாய்களின் உட்சுவரிற் படியத் தொடங்குகின்றன. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியிற் காணும் வெண்படிவத்தைப் போன்றதே இது. அடுப்படியில் அதனைச் சுரண்டிவிடலாம். இயந்திரத்துள் அது வழியைச் சிறிது சிறிதாக மூடுகின்றது. ஆதலின், கரைசேர்ந்ததும் நன்னீர்ப் பீப்பாவில் இயந்திரத்தைச் சிறிது நேரம் இயக்கிக் கழுவுதல் வேண்டும் என்பது விதி. ஆனால், தீவுப்பகுதிகளில் நன்னீர் அரிய பொருள். கோடையிற் கிணறுகள் உவர்க்கும். குடிநீருக்கு நெடுந்தொலைவு செல்வோர் உளர். குடத்துநீரைக் குழந்தைக்கு வைப்பதா, இயந்திரத்துக்கு வார்ப்பதா என்னும் வினா அங்குள்ள இல்லங்களில் எழத்தான் செய்கின்றது. கழுவாமல் விட்டவரை அசட்டையானவர் என்று இகழ்தல் எளிது. அவர் வீட்டுக் குடத்தை எட்டிப் பார்த்தவர் அவ்வாறு இகழார்.

குருநகரிலோ பாசையூரிலோ மாலைப்பொழுதிற் கரையில் நிற்பவர் ஒரு காட்சியைக் காணலாம். முதிய மீனவர் ஒருவர் நீர் புகும் துவாரங்களை விரலால் தடவிப் பார்க்கின்றார். மாற்று இறப்பர்ச் சில்லு, திருகாணி முடுக்கி, மெல்லிய கம்பி, குழாயை இறுக்கும் வளையம் ஆகியன அடங்கிய தகரப்பேணி, நங்கூரம், நீண்ட மரக்கோல், துடுப்பு, குடிநீர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகின்றார். படகு புறப்படுகின்றது. இயந்திரத்தின் பக்கத்திலிருந்து பீறிடும் மெல்லிய நீர்த்தாரையே அதன் நாடித்துடிப்பு. முன்னணியத்திலிருந்து அவர் வினவுகின்றார்:

“தண்ணி வருகுதோ, தம்பி?”

“வருகுது, அப்பு.”

சிறிது தொலைவு சென்றதும் அதே வினா மீண்டும் எழுகின்றது. இளைஞனுக்கு அது சலிப்பைத் தருதல் கூடும். ஆயினும், தாரை மெலிந்ததை உரிய கணத்தில் கண்டவனே இயந்திரத்தைக் காப்பவன். அப்பொழுது வேகத்தைத் தணித்து, இயந்திரத்தை நிறுத்தி, நங்கூரமிட வேண்டும். ஆழமின்மை அவ்வேளையில் நன்மையாகின்றது. நங்கூரம் விரைவில் தரையைப் பற்றும். பின்னர், இயந்திரத்தை உயர்த்திச் சாதாழையை அகற்றி, கம்பியால் துவாரத்தைக் குத்தி, ஆறும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். பதற்றத்திற் கடல்நீரை அள்ளிச் சூடான இரும்பின்மேல் ஊற்றுவோர் அது வெடித்தலைக் காண்பர். குளிர்நீர்த் தொட்டியுடைய உள்ளிணைப்பு இயந்திரமாயின், சூட்டோடு அதன் மூடியைத் திறத்தல் ஆகாது. பீறிடும் கொதிநீர் முகத்தை வேகவைத்துவிடும்.

நங்கூரமில்லாப் படகு காற்றின் உடைமை. 1974இல் பாக்குநீரிணையிற் கடல் எல்லை வகுக்கப்பட்டது. வாடைக்காலத்தில் மேற்கே ஒதுங்கும் படகு அவ்வெல்லையை அறியாது கடக்கும். அதில் இருப்போர் பிறநாட்டுச் சிறையைக் காணவும் நேரும்.

முன்னேற்பாடு அறிவை மட்டும் பொறுத்ததன்று. 1990இல் மீண்டும் மூண்ட போரின்போது எரிபொருள் முதலிய பொருட்கள் குடாநாட்டுக்குச் செல்லாது தடுக்கப்பட்டன. மறதிக்குட்பட்டிருந்த பாயும் துடுப்பும் அக்காலத்தில் மீண்டும் கைக்கு வந்தன. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. கழுவுதற்கென இயந்திரத்தை இயக்கும் சில நிமிடங்களையும் எண்ணிப் பார்க்கும் நிலை அதனால் உருவாயிற்று. வறுமை முதலிற் கைவிடச் செய்வது மாற்றுச் சில்லையே. அது இல்லாமலே நூறு நாள் கடலுக்குச் சென்று மீளலாம். நூற்றோராவது நாளிலேயே அதன் விலை தெரிய வரும்.

இயந்திரம் காற்றை வென்றது உண்மையே. ஆயினும், அது மனிதனின் விழிப்பை வேண்டாததாக்கிவிடவில்லை. பாயின் மேலிருந்த கண்ணை ஒரு நூலளவு நீர்த்தாரையின் மேல் மாற்றியது, அவ்வளவே. இருளிற் படகு மறைந்த பின்னரும் முதியவரின் குரல் கரைக்குக் கேட்கின்றது. “தண்ணி வருகுதோ?” கரையில் நிற்கும் பெண்கள் விடைக்காகச் செவிசாய்க்கின்றனர்.