வின்செஸ்டரில் ஒரு தூண்டிற் பாடம்

மீன்பிடித்தல் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவன கட்டுமரமும் கரைவலையுமே. தூண்டில் முள்ளிலே இறகைக் கட்டி, அதனை ஈயென்று மீனை நம்பவைக்கும் கலையொன்றும் உலகில் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுவரெலியாவின் குளிரோடைகளுக்கு ட்றவுட் மீனைக் கொண்டுவந்த ஆங்கிலேயர் போற்றிய கலை அது. அதன் புகழ்பெற்ற இடங்களுள் ஒன்றாகிய வின்செஸ்டர் நகருக்குக் கடந்த கோடையிலே போயிருந்தோம்.

இலண்டனிலிருந்து புகையிரதத்தில் ஒரு மணி நேரப் பயணம். 1653இல் தூண்டிற்கலை நூலை வெளியிட்ட ஐசக் வால்ற்றனின் கல்லறை அங்குள்ள பேராலயத்தில் இருக்கிறது. சற்று அப்பால் ஓடுகிறது இச்சென் ஆறு. சுண்ணப்பாறையினூடே வடிந்து ஊற்றெடுக்கும் நீராதலால், அடியிலுள்ள கூழாங்கற்களை எண்ணிவிடலாம்.

எம்முடன் வந்த மாணவ நண்பர், பல மாதச் சேமிப்பைக் கொடுத்துத் தூண்டிற்கோல் ஒன்று வாங்கியிருந்தார். ஆற்றோரப் புல்வெளியில் நின்று வீசிப் பழகினார். எத்தனை முறை வீசினும் நூல் காலடியிலேயே சுருண்டு விழுந்தது. “இது நமக்கு வராது” என்று அவர் கோலைக் கட்டிவைக்க முற்பட்டபோது, அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் அதன் அடியிலிருந்த எண்ணை நோக்கினார். கோலின் எண் 8. நூலின் எண் 5.

“வேறு தூண்டில்களில் ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துச் செல்லும். இங்கே பாரம் நூலில் இருக்கிறது. ஈ அதன் பின்னே செல்லும் பயணி. அதுதான் ஈத்தூண்டிலின் இலக்கணம்” என்றார் அவர். நூலின் முதல் 30 அடியின் நிறையைக் கொண்டே எண் இடுகின்றனராம். மெல்லிய நூல் வலிய கோலை வளைக்காது. வளையாத கோல் நூலை எறியாது.

சிற்றாற்று ட்றவுட்டுக்கு 9 அடி நீளமான 5ஆம் எண் கோல், அதே எண்ணுடைய மிதக்கும் நூல், நுனி நோக்கி மெலியும் 9 அடி இழை ஆகியன போதும். சிறுமீனுக்கு உருளை பெரும்பாலும் நூலைச் சுற்றிவைக்கவே உதவும். அதிற் பெரும்பணம் செலவிட வேண்டியதில்லை.

முதியவர் நண்பரின் நூலைத் தமது 5ஆம் எண் கோலிற் கோத்துக் கொடுத்தார். “பின்னே வீசிய நூல் நேராக நீளும்வரை ஒரு கணம் பொறு, தம்பி” என்ற பொருள்பட அன்போடு கூறினார். அடுத்த வீச்சிலே நூல் புல்வெளியின்மேல் நேர்கோடாக விரிந்தது. நண்பரின் முகமும் மலர்ந்தது.

“ஈ நீரில் அமிழ்ந்தால் அது ஈத்தூண்டில் ஆகுமா?” என வினவினோம். முதியவர் நகைத்தார். மிதக்கும் ஈயைப்பற்றி 1886இல் நூலெழுதிய ஹால்போர்ட்டின் வழிவந்தோர், மிதப்பதே முறையானது என்றனர். இதே ஆற்றில் நெடுங்காலம் தூண்டிலிட்ட வழக்கறிஞர் ஸ்கியூஸ், ட்றவுட் உண்பவற்றுட் பெரும்பகுதி நீரடியில் வாழும் இளம்பூச்சிகளே எனக் கண்டு, 1910இல் அமிழும் ஈக்காக வாதாடினார். 1938இல் இலண்டனில் இதற்கென விவாதமே நடந்தது. இன்று இரண்டும் ஈத்தூண்டிலே. ஆயினும் மிதக்கும் ஈயை மட்டும் அனுமதிக்கும் ஆற்றுப்பகுதிகள் இன்னும் உள.

மறுநாள் நண்பர் கடையிலே கோலை மாற்றிக்கொண்டார். குறை அவர் கையில் இருக்கவில்லை. கோலுக்கும் நூலுக்கும் பொருத்தமில்லாமையே குறை. ஒருநாள் முந்தி அம்முதியவர் வராதிருப்பின், நல்லதொரு மாணாக்கனை அந்த ஆறு இழந்திருக்கும்.