அரிக்கமேட்டுக்கு வந்த திராட்சை மது

புதுச்சேரி என்றவுடனே சிலருக்கு மதுவின் ஞாபகம் வருகிறது. இந்தக் கட்டுரையும் புதுச்சேரிக்கு வந்த மதுவைப் பற்றியதுதான். ஆனால் நேயர்கள் முகம் சுளிக்க வேண்டியதில்லை. நான் சொல்லப்போகும் மது, ஒரு துளிகூட மிச்சமில்லாமல் உலர்ந்துபோய் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாகிவிட்டது. எஞ்சியிருப்பவை அது வந்த ஜாடிகளின் உடைந்த ஓடுகள் மட்டுமே. அந்த ஓடுகளோ நம்மை இத்தாலி தேசத்துத் திராட்சைத் தோட்டத்தின் வாசல் வரையில் அழைத்துச் செல்கின்றன.

புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் அரியாங்குப்பம் ஆறு வளைந்து திரும்பிக் கடலை நோக்கிப் போகிறது. அந்த வளைவின் கரையிலே, மரங்கள் அடர்ந்த ஒரு மேடு. அதுதான் அரிக்கமேடு. "அருகன் மேடு" என்பதே இப்படி மருவியது என்பார் உண்டு. ஆறு அரித்துக்கொண்டே இருப்பதால் வந்த பெயர் என்பாரும் உண்டு. பெயர் எப்படி வந்ததாயினும், ஆறு அரித்தது உண்மை. அரித்த கரையிலிருந்துதான் பழைய ஓடுகளும் மணிகளும் வெளிப்பட்டன.

சுக்கிர கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்கவென்று புதுச்சேரிக்கு வந்து, 1769-ஆம் வருஷத்தில் குறித்த நேரத்தில் மேகம் மறைத்ததால் ஏமாந்துபோனார் ல ஜான்டி என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி. வானத்தில் பார்க்க வந்தது கிடைக்காவிட்டாலும், பூமியில் கிடந்த இந்தப் பழைய கட்டடங்களின் சின்னங்களை அவர் கவனித்து எழுதி வைத்தார். பிறகு 1930-களில் புதுச்சேரியில் வாழ்ந்த ழுவோ துப்ராய் என்ற அறிஞர் இவ்விடத்தின் பெருமையை உணர்ந்தார். 1944-ல் இந்தியத் தொல்பொருள் இலாகாவின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் இங்கிருந்து சென்ற ஜாடித் துண்டு ஒன்றைக் கண்டார். கண்டதும் புதுச்சேரிக்கு விரைந்தார். மறுவருஷம், 1945-ல், முறைப்படி தோண்டிப் பார்த்தார். 1947 முதல் கஸால் என்ற பிரெஞ்சுக்காரரும், 1989 முதல் 1992 வரையில் விமலா பெக்லி என்ற ஆராய்ச்சியாளரும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள்.

அந்த ஜாடிக்கு "அம்போரா" என்று பெயர். இரு பக்கமும் காது போன்ற கைப்பிடி, நீண்ட கழுத்து, கூம்பிய அடி. நம் வீட்டுச் சமையலறையில் வைத்தால் உருண்டு விழும். கப்பலின் அடித்தட்டில் வரிசை வரிசையாகச் செருகி அடுக்குவதற்கென்றே அப்படிச் செய்தார்கள். சாதாரணமாக ஒரு ஜாடியில் இருபத்தைந்து லிட்டருக்குக் குறையாமல் மது பிடிக்கும். மது கசியாமல் இருக்க உட்புறத்தில் மரப்பிசினைக் காய்ச்சிப் பூசுவார்கள்.

இந்த ஓடுகளை எலிஸபெத் வில் என்ற அமெரிக்க அறிஞர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். கிரேக்க நாட்டின் கோஸ் தீவு மாதிரியில் செய்தவை பல. அந்தத் தீவின் மதுவில் கடல்நீரைக் கலப்பது வழக்கம். அந்த மாதிரி ஜாடிகளை இத்தாலியிலும் பார்த்துச் செய்தார்கள். சில ஓடுகளின் மண்ணிலோ கரிய மணல் மினுமினுக்கிறது. அது எரிமலை கக்கிய மணல். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தைச் சூழ்ந்த கம்பானியா பிரதேசத்து ஜாடிகளுக்கு அதுவே அடையாளம். வெஸூவியஸ் மலையடிவாரத்து மண் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் கிடக்கிறதென்றால் ஆச்சரியந்தானே!

கம்பானியாவின் மது ரோமாபுரியில் பிரஸித்தி பெற்றது. மாஸிக்கஸ் மலைச்சரிவில் விளைந்த பலேர்னியன் மது பிரபுக்களின் விருந்துக்கு உரியது. எரிமலைச் சாம்பல் கலந்த மண் திராட்சைக்கு மிகவும் ஏற்றது. அங்கே கொடியை உயர்ந்த மரங்களின் மேல் ஏற்றிவிடுவார்கள். மரத்துக்கும் கொடிக்கும் விவாகம் செய்துவைப்பதாகவே அவர்கள் அதைச் சொல்வதுண்டு. அகத்தி மரத்தில் வெற்றிலைக் கொடியைப் படரவிடும் நம் கொடிக்கால்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இலையுதிர் காலத்தில் குலைகளைப் பறித்துத் தொட்டியில் போட்டுக் காலால் மிதித்துப் பிழிவார்கள். அந்த ரஸத்தைப் பூமியில் கழுத்தளவு புதைத்த பெருந்தாழிகளில் ஊற்றிப் புளிக்க வைப்பார்கள்.

இதெல்லாம் இவ்வளவு விவரமாகத் தெரிவதற்குக் காரணம் ஒரு பெரும் துயரம். கி.பி. 79-ல் வெஸூவியஸ் வெடித்தது. பாம்பெய் நகரமும் சுற்றியிருந்த தோட்டங்களும் சாம்பலில் மூழ்கின. மக்கிப்போன வேர்கள் இருந்த இடத்தில் பொந்துகள் மிஞ்சின. ஜாஷெம்ஸ்கி என்ற அமெரிக்க அம்மையார் அந்தப் பொந்துகளில் சிமெண்டை ஊற்றி, வேர்களின் உருவத்தை வார்த்தெடுத்தார். ஒரே தோட்டத்தில் 2,000-க்கு மேற்பட்ட கொடிகளின் அடையாளம் கிடைத்தது. 1990-களில் பாம்பெய்க்குள்ளேயே அந்தப் பழைய இடங்களில் அப்பிரதேசத்துத் திராட்சை வகைகளை மறுபடியும் நட்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து ஜாடி எப்படிப் புறப்பட்டது? பூத்தியோலித் துறைமுகத்தில் கப்பலேறி அலெக்ஸாண்டிரியா. நைல் நதியில் ஓடமேறி காப்டோஸ். அங்கிருந்து ஒட்டகத்தின் முதுகில் பாலைவனம் கடந்து செங்கடற்கரை. அந்தக் கரையிலிருந்த பெரெனிகே துறைமுகத்தில் சுங்கச் சீட்டுகளை ஓட்டுத் துண்டுகளில் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் இத்தாலிய மதுவும் கணக்கில் வருகிறது. பிறகு பருவக்காற்றைப் பிடித்து இந்தியா. முதல் நூற்றாண்டில் கிரேக்க வர்த்தகர் ஒருவர் எழுதிய "பெரிப்ளூஸ்" என்ற கடல் வழிகாட்டி நூலில், கீழ்க்கரையில் "பொதுகே" என்ற துறை குறிக்கப்படுகிறது. அது புதுச்சேரிப் பக்கத்து இந்த இடமே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய முடிவு.

இத்தனை கஷ்டப்பட்டு வந்த மதுவை அருந்தியவர் யார்? யவனர் கொண்டுவந்த வாசனை மதுவைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி மகளிர் அளிக்க, அதைப் பருகி இன்புற்றிருக்கும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. ஆகவே அரண்மனைக்கும் கொஞ்சம் போயிருக்கிறது. ஆனால் அரிக்கமேட்டில் ஒலிவ எண்ணெய் ஜாடியும், ஸ்பெயின் தேசத்து மீன்சாற்று ஜாடியும் கூடக் கிடைத்திருக்கின்றன. மீனை உப்பிலிட்டு நாட்கணக்கில் ஊறவைத்து இறக்கிய அந்தச் சாற்றைத் தமிழர் ஆசைப்பட்டு வாங்கியிருப்பார்களா? ஊர் விட்டு ஊர் வந்த யவனர்கள், நாம் ஊறுகாய் ஜாடியோடு யாத்திரை போவதுபோல, தம் வீட்டு ருசியைக் கையோடு கொண்டுவந்தார்கள் என்றே கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் கேட்டபின் ஒரு சந்தேகம் எழலாம்: அப்படியானால் இது யவனர் உண்டாக்கிய ஊர்தானோ? வீலரின் காலத்தில் அவ்வித அபிப்பிராயமே ஓங்கியிருந்தது. சக்கரம் உருட்டிப் புள்ளிக்கோலம் போட்ட மெல்லிய கரிய தட்டுகளையும் வெளிநாட்டுச் சரக்கென்றே அவர் கருதினார். பிற்பாடு மண்ணைச் சோதித்துப் பார்த்ததில் அவை இந்தியாவிலேயே செய்தவை என்று தெளிவாயிற்று. இத்தாலியில் அரெட்ஸோ நகரத்துக் குயவர் முத்திரையிட்ட சிவப்புக் கிண்ணங்கள் கிடைத்தது மெய்தான். அவற்றுக்கு அருகிலேயே தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும், கல்லிலும் கண்ணாடியிலும் மணி செய்த பட்டறைகளின் கழிவும் கிடைத்தன. யவனர் வருமுன்பே இங்கே ஊர் இருந்தது. அவர்கள் வரவு நின்ற பின்பும் இருந்தது. இதை விமலா பெக்லியின் ஆராய்ச்சி எடுத்துக் காட்டியது. மது விருந்தாளியாக வந்தது; வீடு நம்முடையது.

அந்த வீட்டின் செல்வமே ரோமாபுரியைக் கவலைப்படச் செய்தது. இந்தியா வருஷந்தோறும் ஐந்து கோடி ஸெஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று முறையிட்டார் பிளினி. இந்த நாட்டின் மிளகுக்கும், முத்துக்கும், மெல்லிய துணிக்கும் போன பணம் அது. அந்தப் பிளினியும் வெஸூவியஸ் வெடித்தபோதுதான் மாண்டார்.

அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்கள் சிலவற்றைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம். மேடு இப்போது தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய குருமடத்தின் இடிந்த செங்கற்சுவரைத் தவிர அங்கே கண்ணைக் கவருவது அதிகமில்லை. அதனால் குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கடற்கரையையும் பிரெஞ்சு வீதிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த வீதிகளுக்கு வயது முந்நூறு சொச்சந்தான். அடுத்த முறை போகும்போது ஒரு மாலைப் பொழுதை இந்த மேட்டுக்கென்று ஒதுக்குங்கள். காலடியில் ஓடு தென்பட்டால் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் எடுத்து வராதீர்கள். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் ஓடு தன் கதையைச் சொல்லும். வீட்டு அலமாரிக்கு வந்தால் அது வெறும் ஓடு.