துருப்பிடிக்காத வண்டி



ஃபைபர் கிளாஸ் துருப்பிடிக்காது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது மெய்தான். ஆனால் ஃபைபர் கிளாஸ் உடல் கொண்ட மோட்டார் வண்டியும் துருப்பிடிக்காது என்று எவரேனும் கூறினால் அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்த உடலைத் தாங்கி நிற்பது இரும்புச் சட்டம். தகர உடல் கொண்ட காரில் துரு கதவோரத்தில் கொப்புளமாய்க் கிளம்பி, உடையவரை முன்கூட்டியே எச்சரித்துவிடும். ஃபைபர் உடலோ முப்பது ஆண்டுகள் கழிந்தும் ஒன்றும் நேராதது போலவே காட்சி தரும். அதன் அடியில் இரும்பு ஓசையின்றி அரிபட்டுக்கொண்டிருக்கும். அடையாற்றில் என் மூத்த சகோதரர் மர்ஹூம் அவர்களின் வீட்டுக் கொட்டகையில் நின்ற வண்டியும் அவ்வாறே நின்றது.

அதன் பெயர் டால்ஃபின். இளைய வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பெங்களூரில் சிபானி குடும்பத்தார் நடத்திய நிறுவனம் 1982இல் அதனை வெளியிட்டது. இங்கிலாந்தின் டாம்வொர்த் நகரில் ரிலையன்ட் நிறுவனம் செய்துவந்த ‘கிட்டன்’ என்னும் சிறு காரே அதற்கு மூலம். இரண்டே கதவுகள், முழுதும் அலுமினியத்தாலான 848 சி.சி. என்ஜின், பின்சக்கரங்களை உந்தும் அமைப்பு. தகட்டை அழுத்திக் கார் உடல் செய்வதற்குப் பேரளவு இயந்திரங்களும் அச்சுகளும் வேண்டும். அவற்றுக்குக் கோடிக்கணக்கில் முதல் போட வேண்டும். ஃபைபர் கிளாஸுக்கோ ஓர் அச்சும், கைவேலை அறிந்த ஆட்களும் போதும். சிறு நிறுவனங்கள் அதனை நாடியதன் காரணம் இதுவே. அமெரிக்காவில் 1953இல் வந்த ஷெவர்லே கார்வெட்டும் அதே வழியில் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார்தான். இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 1957இல் அறிமுகப்படுத்திய எலீட், தனிச் சேசிஸே இன்றி, ஏறக்குறைய முழுதும் ஃபைபரால் ஆனது.

டால்ஃபினை ஸ்போர்ட்ஸ் கார் என்று அழைப்பது சற்று மிகைதான். எனினும் அதன் எடை மிகக் குறைவு என்பதால் நம் நாட்டுப் பந்தய ஓட்டிகளும் ராலிக்காரர்களும் அதனை விரும்பி எடுத்தனர். மற்றவர்களோ ‘பிளாஸ்டிக் கார்’ என்று நகைத்தனர். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பின்பு அந்த நகைப்பு இன்னும் வலுத்தது. மான்டானா என்னும் பெயரில் நான்கு கதவுகள் வைத்தும் பார்த்தார்கள்; பயனில்லை.

என் காக்கா 1986இல் குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தபோது, பிறர் ஓட்டிய 1984ஆம் ஆண்டு டால்ஃபின் ஒன்றை வாங்கினார். மாருதிக்குப் பதிந்து காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை என்பது குடும்பத்தில் சொல்லும் காரணம். உண்மைக் காரணம் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைக் காண, மாணவப் பருவத்திலேயே மயிலாப்பூரிலிருந்து பேருந்து மாறி மாறிச் சென்றவர் அவர். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய தளம் திறக்கப்பட்ட பின்பும் அவர் பேச்சில் சோழவரமே இருந்தது. டால்ஃபினை அவர் எந்தப் பந்தயத்திலும் ஓட்டியதில்லை. விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடித்து, ஆளரவமற்ற கடற்கரைச் சாலையில் சாந்தோமிலிருந்து நேப்பியர் பாலம் வரை ஒருமுறை சென்று வருவார். அவ்வளவே.

2013இல் அவர் இறையடி சேர்ந்தார். வண்டி கொட்டகையில் நின்றது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு அடையாறு கரை புரண்டபோது, ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த வீட்டிலும் இடுப்பளவு நீர் ஏறிற்று. வடிந்தபின் மதினி வண்டியைக் கழுவிவிட்டார். வெளியே புதிது போலவே இருந்தது.

2021இல் மதினி அந்தக் கொட்டகையைக் கடைக்கு வாடகைக்கு விட எண்ணினார். மாத வருமானம் என்று வேறெதுவும் இல்லாத வீடு அது. அவர் எண்ணியதில் குறை காண இயலாது. பழைய இரும்பு வாங்குபவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, “உடம்புக்கு விலையில்லை பாய். இரும்பை மட்டும்தான் நிறுப்பேன்” என்றார். ஃபைபர் கிளாஸை உருக்கி வேறொன்று வார்க்க முடியாது. அதனை எடுத்துச் செல்வதே அவருக்குச் சுமை. மொத்தம் 9,000 ரூபாய் என்றார்.

மகள் மறுத்தாள். நெடுநாள் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை. தந்தை மறைந்தபோது பதினொரு வயது. அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். “சாச்சா, நானே சரி செய்கிறேன்” என்றாள்.

இங்கே தாங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த வண்டி அவளுடையதும் அல்ல, மதினியுடையதும் அல்ல. இறந்தவர் விட்டுச் சென்ற ஊசியும் சொத்துதான். எங்கள் பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர்; உடன்பிறந்தோர் நாங்கள் இருவரே; காக்காவுக்கு ஆண்மக்கள் இல்லை. ஆகவே கடன் தீர்ந்தபின் மனைவிக்கு எட்டில் ஒன்று, ஒரே மகளுக்குப் பாதி, மீதமான எட்டில் மூன்று சகோதரனாகிய எனக்கு. வீட்டைக் கணக்கிட்டு முடித்திருந்த நாங்கள், ஓடாத வண்டி என்பதால் அதனைச் சேர்க்காமலே விட்டிருந்தோம். பள்ளிவாசல் இமாம் அவர்களிடம் கேட்டதற்கு, உங்கள் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமையுண்டு, பிறர் பங்கைக் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை, கை வைக்கும் முன்பே பேசி முடியுங்கள் என்றார். நான் விட்டுக்கொடுக்கவே எண்ணினேன். பெண் சம்மதிக்கவில்லை. டியூஷன் சொல்லிச் சேர்த்த பணத்தில் எனக்கு 3,375 ரூபாயும், தாயாருக்கு 1,125 ரூபாயும் உறையில் இட்டுத் தந்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அந்தத் தாளின் அருமை எங்களுக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் தெருப் பிள்ளைகள் சேர்ந்து, போல்ட்டுகளைக் கழற்றி உடலைத் தனியே தூக்கி வைத்தனர். பல்லக்கு போல் எளிதாக வந்துவிட்டது. கீழே சேசிஸைக் கண்டபோது ஒருவரும் பேசவில்லை. நீண்ட இரும்புப் பெட்டிச் சட்டங்களின் உள்ளே 2015ஆம் ஆண்டின் ஆற்று வண்டல் இறுகிக் கிடந்தது. ஈரத்தை ஆறாண்டுகள் காத்து வைத்திருந்தது அந்த வண்டல். உடலைத் தாங்கும் கைகள் மூன்றில் திருப்புளி விரல் போல உள்ளே புகுந்தது. ஓட்டியிருந்தால் ஏதேனும் ஒரு பள்ளத்தில் வண்டி முறிந்திருக்கும். அழுகிய பகுதிகளை வெட்டி, அதே கனத்தில் புதிய இரும்பு வைத்து வெல்டிங் செய்யவும், அளவு கோணாமல் சரிபார்க்கவும் ஐந்து மாதங்கள் ஆயின.

அடுத்தது உடல். தி.நகரில் டிங்கரிங் வேலையில் பெயர் பெற்ற ஒருவரை அழைத்து வந்தோம். “சுத்தி வைத்தால் உடைந்து போகும் பாய், இது எங்கள் வேலை இல்லை” என்று அவர் நேர்மையாகவே கூறிவிட்டார். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் விசாரித்தோம். உதிரிப்பாகம் விற்போர் உண்டு, ஃபைபர் அறிந்தவர் இல்லை. பிறகு அந்தப் பெண்ணுக்கே தோன்றிற்று. எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் வரிசையாக நிற்கும் படகுகள் எதனால் ஆனவை? 2004 சுனாமிக்குப் பின்பு இந்தக் கரையோரமெங்கும் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டன. அவை பாறையிலும் மணலிலும் இடிபட்டு விரிசல் காண்பது அன்றாட நிகழ்ச்சி. அவற்றைச் செப்பனிடுவோர் கரையிலேயே இருக்கிறார்கள். காரின் வைத்தியர் கடலோரத்தில் இருந்தார்!

படகு வேலை செய்யும் அப்பெரியவர் வந்து உடலைக் கட்டை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். கெட்டியான இடம் ஓர் ஓசை தரும், உள்ளே அடுக்கு பிரிந்த இடம் வேறோசை தரும். “படகு தினம் அடி வாங்கும் பாப்பா. இது வீட்டிலே இருந்த பிள்ளை, பயப்படாதே” என்றார். விரிசலின் மேல் பட்டி பூசி மூடுவதை அவர் அறவே அனுமதிக்கவில்லை. விரிசலை இருபுறமும் சரிவாகத் தேய்த்து அகலப்படுத்த வேண்டும். உட்புறத்திலிருந்து கண்ணாடி இழைப் பாயை, சிறியதன் மேல் பெரியதாக, ரெசினில் நனைத்து ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாதபடி உருளையால் அழுத்த வேண்டும். பழைய வண்ணத்தை நீக்க மருந்து தடவலாகாது. அது ரெசினையும் தின்றுவிடும். கையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். போல்ட் பிடிப்பதற்காக ஃபைபருக்குள்ளேயே புதைத்திருந்த இரும்புத் துண்டுகள் துருவேறி வீங்கி, சுற்றியிருந்த ஃபைபரைப் பிளந்திருந்தன. துருப்பிடிக்காத உடலையும் துரு உடைக்கும் விந்தையை அங்கே கண்டோம்.

ரெசினோடு கடினமாக்கும் திரவத்தைச் சேர்ப்பதில் இருவருக்கும் ஓயாத வழக்கு. அவர் மூடிக் கணக்கில் ஊற்றுவார், பெண் ஊசிக் குழலில் அளப்பாள். இருவர் வேலையும் நன்றாகவே இறுகிற்று. ஆனால் ஒன்றில் அவர் மிகக் கண்டிப்பு. கடினமாக்கும் திரவமும், அதனை விரைவுபடுத்தும் கோபால்ட் திரவமும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடித்துவிடும். முதலில் ஒன்றை ரெசினில் நன்கு கலக்கி, அதன் பின்னரே மற்றதை ஊற்ற வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இவ்வேலை செய்ய எண்ணும் வாசகர்கள் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். சென்னை வெயிலில் நண்பகலில் கலந்தால் பூசும் முன்பே கிண்ணத்திலேயே இறுகிப் புகையும். ஆகவே விடியலில் வேலை. மழைக்காலத்து ஈரமும் ஆகாது. தேய்க்கையில் எழும் தூள் தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிப்பு; நெஞ்சில் ஏறினால் அதைவிடக் கேடு. முழுக்கை உடை, முகமூடி, கண்ணாடி இன்றி அவளை மதினி கொட்டகைக்குள் விட்டதில்லை.

என்ஜினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ரேடியேட்டரில் ஊற்றியதால் அலுமினியம் அரித்திருந்தது. ரிலையன்ட்டின் ராபின் என்னும் மூன்று சக்கர வண்டியிலும் இதே 848 சி.சி. என்ஜின்தான். அவ்வண்டிகளை இங்கிலாந்தில் இன்றும் பேணிக் காப்போர் உண்டு. பிஸ்டன் வளையங்களும் கேஸ்கட்டும் அங்கிருந்து, விடுமுறைக்கு வந்த உறவினரின் பெட்டியில், பேரீச்சம்பழத்துக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே வந்து சேர்ந்தன.

விளக்குகள்தாம் வேடிக்கை. தகரக் காரில் உடலே மின்சாரம் திரும்பும் வழியாகும். ஃபைபரில் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பு கம்பி தனியே இழுத்தாக வேண்டும். அதில் ஒன்று துருவேறினாலும் இடப்பக்கச் சமிக்ஞை போட்டால் பின்விளக்கு மங்கும். காக்கா உயிரோடிருந்த காலத்தில் எத்தனையோ மின்பணியாளர்கள் பல்பையும் பேட்டரியையும் மாற்றிக் காசு பெற்றுச் சென்றனர். அவர் மகள் நான்கு முனைகளை உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்தாள்.

2023இல் பழைய வண்டிகள் சேகரிக்கும் ஒருவர் கேள்விப்பட்டு வந்து, அரைகுறையாக நின்ற நிலையிலேயே 2,40,000 ரூபாய் தருவதாகக் கூறினார். மொட்டைமாடி ஒழுகிக்கொண்டிருந்த சமயம். மதினிக்கு விற்க வேண்டுமென்ற எண்ணம். பங்கு முன்பே தீராதிருந்தால் அன்று என் பங்கு மட்டும் 90,000 ரூபாய். அந்த உறையும் கையெழுத்தும் இல்லையெனில் எங்கள் வீட்டில் என்ன பேச்சு எழுந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். தாய் அழுதார், மகளும் அழுதாள். என்னைத் தீர்ப்புச் சொல்லக் கேட்டனர். வண்டி அவளுடையது, கொட்டகையில் உங்கள் பங்கும் இருக்கிறது மதினி, கொட்டகைக்கு வாடகை கேளுங்கள் என்றேன். வேடிக்கையாகச் சொன்னதை இருவரும் மெய்யாகவே எடுத்துக்கொண்டனர். படிப்பு முடித்து வேலையில் அமர்ந்த பெண், கடைக்காரர் தரவிருந்த அதே தொகையை மாதந்தோறும் 5ஆம் தேதி தாயாரிடம் தந்து வருகிறாள். ஒரு மாதம் தாமதித்தபோது மதினி நினைவூட்டினார் என்றும் கேள்வி. மாடி ஒழுகல் நின்றுவிட்டது.

என்ஜின் இப்போது ஓடுகிறது. ஆனால் சாலைக்குச் செல்ல உரிமை இல்லை. 15 ஆண்டுகள் கடந்த தனியார் காரின் பதிவை ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பித்தாக வேண்டும். எங்களுடையது தவறிப் பல ஆண்டுகள் ஆயின. 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆன புதுப்பிப்புக் கட்டணம், 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025இல் 10,000 ஆக்கப்பட்டது. தாமதத்துக்கான கட்டணம் தனி. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதியோ 50 ஆண்டு நிறைந்தவற்றுக்கே பொருந்தும். 1984ஆம் ஆண்டு வண்டிக்கு அது 2034இல்தான். ஆகவே வாரிசுச் சான்றிதழ், இறந்தவர் பெயரிலிருந்து மாற்றும் 31ஆம் எண் படிவம், புதுப்பிக்கும் 25ஆம் எண் படிவம் ஆகியவற்றோடு அவள் போக்குவரத்து அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறாள். மதினியும் நானும் ஆட்சேபணை இல்லையென மீண்டும் ஒருமுறை எழுதித் தந்திருக்கிறோம்.

குறையாக இருப்பது ஒன்று: முன்கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர். இங்கிலாந்திலிருந்து வந்தது சரியாகப் பொருந்தவில்லை. உங்களில் எவர் வீட்டுக் கொட்டகையிலேனும் பழைய டால்ஃபின் நின்றால், விற்கும் நோக்கம் இல்லையாயினும், அந்த ரப்பரின் அளவை மட்டும் எடுத்து இவ்விதழின் ஆசிரியர் வழியாக எனக்கு எழுதுங்கள். அளவெடுக்கக் குனியும்போது சேசிஸையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.