கடனுக்கு அப்பால்

தாய்மையைப் பற்றித் தமிழிலே பாடப்பட்டவையும் எழுதப்பட்டவையும் எண்ணில் அடங்கா. ஆயினும், அவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு சொல் மீண்டும் மீண்டும் முன்னிற்பதைக் காணலாம். 'கடன்' என்பதே அச்சொல். புறநானூற்றின் 312ஆம் பாடலைப் பாடிய பொன்முடியார், மறக்குடித் தாயொருத்தியின் கூற்றாக அதனை அமைத்து, தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடமைகளை வகுத்துரைக்கையிற் பிள்ளையைப் பெற்று வளர்த்தலைத் தாயின் கடமையாக்கினார். அன்று வகுக்கப்பட்ட அப்பங்கீடு இன்றைய பாடசாலைப் பேச்சுப்போட்டி வரை வழங்கிவருகின்றது. தமிழிலே கடன் என்பது கடமையையும் குறிக்கும்; திருப்பிச் செலுத்தவேண்டிய பொருளையும் குறிக்கும். கடனைத் தீர்த்தவர் பெறுவது ஆறுதல். ஒன்றை ஆக்கியவர் பெறுவது மகிழ்ச்சி. நாள்தோறும் உழைக்கும் தாயொருத்தி இவ்விரண்டில் எதனைப் பெறுகின்றாள் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

இவ்வினா எழாமைக்கு இலக்கிய மரபும் ஓரளவு காரணமாகும். பெரியாழ்வார் யசோதையின் நிலையிலே தம்மை வைத்துக் கண்ணனைத் தாலாட்டினார். ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். இவ்வாறு தாயின் குரலை இரவல் பெற்ற ஆண் புலவர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. குரலுக்கு உரியவர்களான தாய்மாரின் பெயர்களோ நிலைக்கவில்லை. ஈழத்திலே 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார் ஆகிய பகுதிகளின் நாட்டுப் பாடல்களைத் தொகுத்துப் பதிப்பித்தார். இத்தகைய முயற்சிகளால் வாய்மொழிப் பாடல்கள் பல அழிவினின்றும் காக்கப்பட்டன. எனினும், தொட்டிலை ஆட்டியபடி ஒரு புதிய அடியைப் புனைந்த தாயின் பெயரை எத்தொகுப்பாளராலும் மீட்டெடுக்க இயலாது. அவள் தனது பெயரைப் பாட்டிலே பொறித்துவைக்கவில்லை.

பாடலாவது அச்சேறிற்று. கைவேலைக்கு அவ்வாய்ப்பும் இல்லை. உண்பதற்கென ஆக்கப்பட்டது அன்றைக்கே உண்ணப்பட்டுவிடும். புழங்குவதற்கென இழைக்கப்பட்டது தேய்ந்து ஈற்றில் அடுப்புக்குப் போய்விடும். ஆதலால், தாயின் ஆக்கத்திறனை அறிய விழைவோர் எஞ்சிய பொருள்களைத் தேடுவதிற் பயனில்லை. ஆக்கும் வேளையில் அவளை உற்றுநோக்குதல் வேண்டும்.

வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலே வாழ்ந்துவரும் ஒரு தாய் இதற்கு எடுத்துக்காட்டாவாள். இன்று எழுபது வயதைக் கடந்துவிட்ட அவள் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். 1980களிலே அவளுடைய கணவர் புகையிலைத் தோட்டஞ் செய்தார். விடியுமுன் எழுந்து பிட்டு அவித்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, தோட்டத்திற்குச் சாப்பாடு கொண்டுசென்று, மத்தியானச் சமையலை முடித்து, கிணற்றடியிலே துணி துவைத்துத் திரும்பும்போது பொழுது பிற்பகல் இரண்டு மணியைத் தாண்டிவிடும். நான்கு மணிக்குப் பால் கறக்கவேண்டும். இடைப்பட்ட இரண்டு மணித்தியாலங்களே அவள் பெட்டி இழைக்கும் நேரம்.

வேலிக்கு அப்பாலுள்ள வடலிகளிலிருந்து வெட்டிய குருத்தோலையை வெண்மை ஏறும்வரை உலர்த்துவாள். ஈர்க்கைக் களைந்து, கத்தியால் ஒரே அகலமாக வார்ந்து, ஒரு பகுதியைச் சாயம் கரைத்த கொதிநீரில் இட்டுச் சிவப்பும் பச்சையும் ஊதாவும் ஏற்றி நிழலிலே காயவிடுவாள். வெயில் ஏறிய வேளையில் ஓலை முறியும் என்பதால் நீர் தெளித்துப் பதப்படுத்திக்கொண்டே விறாந்தையில் அமர்வாள். அடி பரப்பி, மூலை மடித்து, சுவர் எழுப்பி, வாயைக் கட்டி முடிக்கும் வரைக்கும் உள்ளவை யாவும் தேவையின்பாற்பட்டவை. அவ்வளவோடு நிறுத்தினாலும் பெட்டி அரிசியைத் தாங்கும், சந்தையிலும் விலைபோகும்.

ஆனால், அவள் அவ்வளவோடு நிறுத்துவதில்லை. சுவர் பாதியளவு எழுந்ததும் வெள்ளோலையின்மேல் நிற ஓலையைச் செருகி ஒரு வரிசைக் கோலம் எடுப்பாள். அவ்வரிசைக்கு ஏறத்தாழ அரை மணித்தியாலம் செல்லும். அவளிடம் பெட்டி வாங்கிய வியாபாரியோ வெறும் பெட்டிக்கும் நிறப்பெட்டிக்கும் ஒரே விலையே கொடுத்தார். கணக்கறிந்த மூத்த மகள் ஒருநாள் கேட்டாள்:

"ஏனம்மா இதுக்குப் போய் இவ்வளவு நேரம் மினக்கெடுறியள்? அவர் ஒரு சதமும் கூடத் தரமாட்டாரே."

"வெறும் வெள்ளையாய்க் கிடந்தால் கண்ணுக்குக் குத்துது, பிள்ளை" என்று கூறிவிட்டு அவள் தன் வேலையைத் தொடர்ந்தாள்.

அழகியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் ஓர் உண்மை இவ்விடையிலே அடங்கியுள்ளது எனலாம். அந்த ஒரு வரிசை கணவருக்காகவோ பிள்ளைகளுக்காகவோ சந்தைக்காகவோ எடுக்கப்பட்டதன்று. ஆக்குபவளின் கண்ணே அதற்கு நீதிபதி. ஒவ்வொரு பெட்டியிலும் கோலம் சிறிது வேறுபடும். நேற்றுச் சிவப்பை அடுத்துப் பச்சை வந்தால், இன்று ஊதா வரும். எந்த நிறத்தை அடுத்து எதனை வைப்பது என்று அவள் எண்ணும் அக்கணத்தில், நாள் முழுவதும் பிறர் தேவைக்கு ஈடுகொடுத்த மனம் தன் விருப்பத்தைத் தானே தெரிந்தெடுக்கின்றது.

இம்மகிழ்ச்சி பெட்டியோடு நின்றுவிடுவதும் இல்லை. பிள்ளைக்கு முதற்பல் முளைக்கும்போது யாழ்ப்பாணத்து வீடுகளிலே பல்லுக்கொழுக்கட்டை அவிக்கும் வழக்கம் உண்டு. வெள்ளைத்துணி விரித்துப் பிள்ளையை இருத்தி, அதன் தலையிற் கொழுக்கட்டைகளைச் சொரிவர். கொழுக்கட்டையின் விளிம்பிலே தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லாகப் பதிப்பது மரபு. இத்தாயோ தன் கடைக்குட்டியின் சடங்கிலே ஒரு கொழுக்கட்டைக்கு மட்டும் ஒற்றைப் பல் வைத்தாள். பிள்ளைக்கு அன்று முளைத்திருந்ததும் ஒற்றைப் பல்லே. கூடியிருந்தோர் அதனைக் கண்டு சிரித்தனர். எஞ்சிய ஓலை நறுக்குகளால் அவனுக்குக் கிலுகிலுப்பை பின்னியபோதும், உள்ளே இடும் கற்களை மாற்றி மாற்றி ஓசை பார்த்தே மூடினாள். சடங்கு மரபுக்கு உரியது. ஒற்றைப் பல் அவளுக்கு உரியது.

துன்பம் வரும்போது இத்தகைய சிறு மகிழ்ச்சிகளே முதலிற் கைவிடப்படும் என்று எண்ணத் தோன்றும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது அவளும் மூன்று பிள்ளைகளுடன் நடந்தாள். பாடசாலை வகுப்பறை ஒன்றிலே பல குடும்பங்களோடு தங்க நேர்ந்தது. நிவாரண அரிசியை வைக்கப் பாத்திரம் இல்லாமையால் அயல் வளவிலே ஓலை கேட்டுப் பெற்றுப் பெட்டி ஒன்று இழைத்தாள். சாயம் வாங்க வழியில்லை. வெளிறிய குருத்தோலைக்கு இடையே முற்றிய பச்சோலையைச் செருகி அவ்வரிசையை எடுத்தாள். சில நாள்களில் அப்பச்சை காய்ந்து மங்கிவிடும் என்பதை அவள் நன்கு அறிவாள். அறிந்தே எடுத்தாள். வீடும் வளவும் கைவிட்டுப்போன நிலையில், தன் விருப்பப்படி ஒன்றைச் செய்யும் உரிமை தன் விரல்களில் எஞ்சியிருப்பதை அவ்வரிசை அவளுக்கு உறுதிப்படுத்தியிருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. வறுமையிலும் இடப்பெயர்விலும் மகிழ்ச்சி காணும் தாயைப் புகழ்வது எளிது. அப்புகழ்ச்சி அவளுடைய சுமையை மறைக்கும் திரையாகவும் மாறிவிடக்கூடும். வேர்ஜீனியா வூல்ஃப் 1929 இல் வெளியிட்ட 'ஒருவருக்கே உரிய ஓர் அறை' என்ற கருத்துப்படும் தலைப்புடைய நூலிலே, பெண்ணொருத்தி புனைகதை எழுதவேண்டுமாயின் அவளுக்குப் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என வாதிட்டார். அவருடைய கணவர் லெனாட் வூல்ஃப் திருமணத்திற்கு முன்னர், 1905 முதற் சில காலம், யாழ்ப்பாணத்தில் அரசாங்க அலுவலராய்ப் பணியாற்றியவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. வலிகாமத்துத் தாய்க்கு அறை வாய்க்கவில்லை. ஆண்டு வருவாயும் இல்லை. அவளுக்கு வாய்த்தவை விறாந்தையின் ஒரு மூலையும் இரண்டு மணித்தியாலங்களுமே. அவ்விரண்டு மணித்தியாலங்கள் நான்காகியிருப்பின் அவள் எத்தகைய கோலங்களை எடுத்திருப்பாள் என்பதை எவராலும் கூறமுடியாது. இழப்பு அவளுக்கு மட்டும் உரியதன்று.

காலம் மாறிவிட்டது. போர்க்காலத்திலே காவலரண்களுக்காகப் பனைகள் பெருமளவில் தறிக்கப்பட்டன. பிளாஸ்ரிக் கூடைகளும் வாளிகளும் கடகத்தின் இடத்தைப் பிடித்தன. 1978 இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை போன்ற அமைப்புகள் ஓலைக் கைப்பணியைப் பேண முயன்றுவந்தபோதிலும், வீட்டுத் தேவைக்கென இழைக்கும் வழக்கம் அருகியே வருகின்றது. கணக்குக் கேட்ட மூத்த மகளுக்கும் பெட்டி இழைக்கத் தெரியாது. அவள் இன்று அலுவலகம் ஒன்றிலே பணிபுரிகின்றாள். ஒரு மகனின் தாய். மாலையிலே அவனை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றி ரியூசனுக்குக் கொண்டுசெல்வதே அவளுடைய ஓய்வுநேரம்.

ஆயினும், அந்தப் பயணத்தில் அவள் நாளுக்கொரு நொடி புனைகின்றாள். "மூண்டு கண்ணன், ஒரு நேரத்திலை ஒரு கண்தான் முழிப்பான், ஆர்?" என்று நகரத்துச் சந்தியில் நின்று கேட்பாள். சமிக்ஞை விளக்கு என்று மகன் கண்டுபிடிப்பதற்குள் பச்சை விழுந்துவிடும். மறுநாளைக்குரிய நொடியை அலுவலகக் கோப்பு ஒன்றைப் புரட்டும்போதோ, அரிசி களையும்போதோ அவள் தேடிக்கொண்டிருப்பாள். மகனை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தல் கடன். நொடி அக்கடனில் அடங்காது. தாயிடமிருந்து அவள் ஓலைத் தொழிலைக் கற்கவில்லையாயினும், வெறும் வெள்ளையாய்க் கிடப்பதைப் பொறாத கண்ணை அவளிடமிருந்தே பெற்றுக்கொண்டாள் போலும்.

எனவே, தாய்மை என்பது தியாகத்தின் மறுபெயர் என்ற வழமையான கூற்று மறுபரிசீலனைக்கு உரியதாகின்றது. தியாகம் என்று கூறியதும் அவள் இழந்தவை மட்டுமே கண்ணுக்குப் புலனாகின்றன; அவள் ஆக்கியவை மறைந்துவிடுகின்றன. வீட்டிலே ஒருவர் அவளுடைய கையிலுள்ள வேலையைத் தாம் ஏற்று, மாலையிலே ஒரு மணித்தியாலத்தை அவளுக்கென விடுவிப்பாராயின், அது ஆயிரம் வாழ்த்துப்பாக்களிலும் மேலானது. பல்கலைக்கழக விடுதிகளிலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவர், மாணவியர் அனைவராலும் இயலக்கூடிய செயலே இது. விடுபட்ட அந்த மணித்தியாலத்தில் அவள் என்ன செய்வாள் என்று கேட்கவேண்டியதில்லை. அதனை அவளே தெரிந்தெடுப்பாள்.