உப்புக்காத்தும் நாலாவது கம்பியும்

ராத்திரி ஒன்றரை மணி. அம்மா எழுந்து வந்து கதவுல சாஞ்சு நின்னாங்க.

"ஏண்டா, இந்த மாவு மிஷினை நிறுத்துவியா மாட்டியா? கண்ணு எரியுது எனக்கு."

மாவு மிஷின்னு அவங்க சொன்னது என் கம்ப்யூட்டரை. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் நமக்குச் சோறு போடுது. பகல்ல வெட்டி ஒட்டிட்டு ராத்திரி ரெண்டரிங் போட்டுட்டுத் தூங்கிடுவேன். வீடு சின்னது. ஹால்ல அம்மா, ஒரு ஸ்கிரீனுக்கு இந்தப் பக்கம் நானும் மெஷினும். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை போகுது. ராத்திரி தூக்கம் கெட்டா காலைல தலை சுத்துதுன்னு உட்கார்ந்துடுவாங்க. அதனால இது ஏதோ கம்ப்யூட்டர் பைத்தியத்தோட பொழுதுபோக்குப் பிரச்சனைன்னு நினைச்சுடாதீங்க மக்களே. எங்க வீட்டு ஆரோக்கியப் பிரச்சனை.

மெஷின்ல இருக்கறது லிக்விட் கூலர். பேரு பெருசா இருக்கே தவிர, விஷயம் லாரி ரேடியேட்டர்தான். பிராசசர் மேல ஒரு செப்புத் தகடு, அதுக்கு மேல குட்டி பம்ப். பம்ப் தண்ணியைத் தள்ளும், தண்ணி சூட்டைத் தூக்கிட்டு ரெண்டு ரப்பர் குழாய் வழியா ரேடியேட்டருக்குப் போகும், அங்க ரெண்டு ஃபேன் ஊதி ஆத்தும். தண்ணி எதையும் குளிர வைக்கறதில்ல, சூட்டை இடம் மாத்துது, அவ்வளவுதான். எங்களுக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்துல நடக்கறதும் அடிப்படையில இதேதான். கடலுக்கடியில சுரங்கம் வெட்டி, கடல் தண்ணியை இழுத்து, கண்டன்சரை ஆத்தி, திரும்பக் கடல்லயே விடுறாங்க. அங்க குழாய்ல சிப்பி ஒட்டி வளராம இருக்கக் குளோரின் போடணும். நமக்கு அந்தக் கஷ்டம் இல்ல. வேற கஷ்டம் இருக்கு, வர்றேன்.

முதல் கூத்து ஏப்ரல்ல ஆரம்பிச்சுது. பிரவுசரைத் திறந்தா "உய்ய்ய்"ங்கும், அஞ்சு செகண்ட்ல அடங்கும். ஒரு போல்டரைத் திறந்தா மறுபடி "உய்ய்ய்". காரணம் நான்தான். எவனோ ஒரு வெள்ளைக்கார புண்ணியவான் போட்டிருந்த ஃபேன் கர்வை அப்படியே காப்பி அடிச்சு வச்சிருந்தேன். பிராசசர் 30 டிகிரியில 20 சதவீத வேகம், 60 டிகிரியில 100 சதவீதம். அந்தாளு ரூம் 20 டிகிரியா இருக்கும். அக்னி நட்சத்திரத்துல நம்ம ரூம் மத்தியானம் 35, 36. பிராசசர் சும்மா உட்கார்ந்திருந்தாலே 50. அவர் கணக்குப்படி 50-க்கு என் ஃபேன் 70 சதவீதத்துக்கு மேல ஓடணும். ஓடுச்சு.

இதுல எனக்கு ரொம்ப நாளா மண்டையில ஏறாத ஒண்ணு இருக்கு. பிராசசர் நகக்கண்ணு சைஸ் சிலிக்கான். ஒரு வேலை குடுத்தா கண் இமைக்கறதுக்குள்ள 50-லேர்ந்து 72-க்குத் தாவும், வேலை முடிஞ்சா அதே வேகத்துல இறங்கும். தண்ணி அப்படி இல்ல. பொங்கலுக்கு அடுப்புல பானை வச்சவங்களுக்குத் தெரியும், சூடாகவும் நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். ஃபேன் ஆத்துறது தண்ணியைத்தான், பிராசசரை இல்ல. அப்ப பிராசசர் சூட்டைப் பார்த்து ஃபேனை விரட்டறதுல என்ன அர்த்தம்? தண்ணிக்கு விஷயமே தெரியாது, அதுக்குள்ள ஃபேன் ஊரைக் கூட்டிடும்.

நம்ம கூலர்ல தண்ணி சூட்டைச் சொல்ற சென்சார் இருக்கு, யுஎஸ்பி வழியாப் படிக்கலாம். இலவச மென்பொருள் ஒண்ணைப் போட்டு, இனிமே தண்ணியைப் பார்த்து ஓடுன்னு மாத்தினேன். ரூம் 33 டிகிரின்னா சும்மா இருக்கையில தண்ணி 38, ஒரு மணி நேரம் ரெண்டரிங் ஓடினா 46. அதாவது ரூமுக்கு மேல 13. அந்த வித்தியாசம்தான் கூலரோட நிஜமான மார்க். ரூம் சூட்டுக்குக் கீழ எந்த ஃபேனாலயும் தண்ணியை இறக்க முடியாது. புதுக் கர்வ்: 40 வரைக்கும் 30 சதவீதம், அதுக்கு மேல மெதுவா ஏறி 50-ல முழு வேகம். பயாஸால இந்த சென்சாரைப் பார்க்க முடியாது. அதனால மென்பொருள் படுத்துட்டா காப்பாத்த பயாஸ்ல ஒரு சுமாரான கர்வை விட்டு வச்சேன். ரெண்டு மென்பொருளை மட்டும் ஒரே நேரத்துல ஓட விட்டுடாதீங்க, ஒரே ஃபேனுக்கு ரெண்டு மாமியார் மாதிரி ஆயிடும்.

ரெண்டு மாசம் நிம்மதி.

அப்புறம்தான் அந்த மாவு மிஷின் ராத்திரி. இப்ப ஏறி இறங்கற சத்தமே இல்ல. ஆன் பண்ணதுலேர்ந்து ஆஃப் பண்ற வரைக்கும் ஒரே சுருதியில முழு வேகம். கர்வை மாத்தினேன், பயாஸை ரீசெட் பண்ணேன், மென்பொருளை எடுத்துட்டுத் திரும்பப் போட்டேன். ஒண்ணும் அசையல. மறுநாள் ராத்திரி ஒரு ரிசப்ஷன் வீடியோவைப் போட்டுட்டுப் படுத்துட்டேன். ஒன்றரை மணி நேர வேலை. காலைல அஞ்சு மணிக்கு எழுந்து பார்த்தா இன்னும் ஓடிட்டு இருக்கு! பிராசசர் 95 டிகிரி, தண்ணி 58. இந்த மாதிரி கூலருக்கெல்லாம் தண்ணி 60 டிகிரியைத் தாண்டக்கூடாதுன்னு பொதுவாச் சொல்லுவாங்க. சூடு தாங்காம பிராசசர் தானே வேகத்தைக் குறைச்சுட்டு நொண்டி அடிச்சுக்கிட்டு இருந்திருக்கு.

கேபினெட் மேல பார்த்தேன். ரேடியேட்டர் காத்து வெளிய வர்ற ஓட்டை மேல, நாலா மடிச்ச பெரிய டர்க்கி டவல்.

"சத்தம் தாங்கலடா, அதான் போர்த்தி விட்டேன். கொஞ்சம் அடங்குச்சு இல்ல?"

கத்தலாம்னு வாயைத் திறந்தேன். அம்மா கண்ணு ரெண்டும் சிவந்து கெடந்துச்சு. ரெண்டு ராத்திரி தூங்கல அவங்க. வாயை மூடிக்கிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

இப்ப கொஞ்சம் டெக்னிக்கல், பொறுத்துக்கோங்க. இந்த ஃபேன் பிளக்ல நாலு பின். ஒண்ணு எர்த்து, ரெண்டு 12 வோல்ட், மூணு வேகத்தைத் திருப்பிச் சொல்ற கம்பி (ஒரு சுத்துக்கு ரெண்டு துடிப்பு), நாலு கட்டளைக் கம்பி. பழைய மூணு பின் ஃபேன் நம்ம வீட்டு சீலிங் ஃபேன் மாதிரி, ரெகுலேட்டரைத் திருகி வோல்டேஜைக் குறைச்சா மெதுவா ஓடும். நாலு பின் ஃபேன் அப்படி இல்ல. 12 வோல்ட் எப்பவும் முழுசா இருக்கும். நாலாவது கம்பியில செகண்டுக்கு 25,000 தடவை ஆன், ஆஃப்னு சிக்னல் வரும். அதுல ஆன் எவ்வளவு நேரம், ஆஃப் எவ்வளவு நேரம்னு பார்த்து ஃபேன் தன் வேகத்தை முடிவு பண்ணும். 25,000 ஏன்னா, மனுஷன் காதுக்கு 20,000-க்கு மேல கேக்காது. இன்டெல் 2005-ல வெளியிட்ட நாலு கம்பி ஃபேன் விதிமுறையில இதெல்லாம் இருக்கு. இன்னொண்ணும் இருக்கு: நாலாவது கம்பியில சிக்னலே வரலைன்னா ஃபேன் முழு வேகத்துல ஓடணும்.

யோசிச்சுப் பாருங்க, நியாயம்தான். உத்தரவு வராதப்போ சும்மா நின்னுடற ஃபேன் மெஷினைக் கொளுத்திடும். ஆக, ஃபேன் நின்னு போச்சுன்னா 12 வோல்ட் பக்கம் தேடணும், ஓயாம முழு வேகத்துல கத்தினா நாலாவது கம்பியில தேடணும். இது தெரியாம நான் ரெண்டு நாளா கர்வை நோண்டிக்கிட்டு இருந்தேன். காது கேக்காதவங்க கிட்ட எவ்வளவு அழகாப் பேசி என்ன?

சோதிச்சேன். பயாஸ்ல 30 சதவீதம்னு வச்சா வேகம் நிமிஷத்துக்கு 1790 சுத்து. 60 வச்சாலும் 1790. அப்புறம் அந்த சாக்கெட்டை மட்டும் பிடபிள்யூஎம்-லேர்ந்து டிசி-க்கு மாத்தினேன், அதாவது பழைய ரெகுலேட்டர் முறை. உடனே 1050-க்கு இறங்குச்சு! மதர்போர்டு நல்லா இருக்கு, ஃபேன் நல்லா இருக்கு, கோளாறு நாலாவது கம்பியில மட்டும்தான்னு இதுலயே தெரிஞ்சுபோச்சு. (பம்ப் மாட்டின சாக்கெட்ல இந்த விளையாட்டு வேணாம். வோல்டேஜ் குறைஞ்சு பம்ப் நின்னா டவல் இல்லாமலே வெந்துடும்.)

ரெண்டு ஃபேனையும் ஒய் கேபிள் போட்டு ஒரே சாக்கெட்ல மாட்டியிருந்தேன். கேபிளைக் கழட்டிட்டு ஒரு ஃபேனை நேரா மாட்டினேன். சொன்ன பேச்சு கேட்டுச்சு. கேபிளோட பிளக்கை டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நாலாவது ஓட்டைக்குள்ள பச்சைக் களிம்பு. பூஜை ரூம்ல தேய்க்காம விட்ட செம்பு மாதிரி.

உப்பு.

நெம்மேலின்னா வெளியூர்க்காரங்களுக்கு ஈசிஆர்ல கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்கற ஆலை ஞாபகம் வரும். 2013-ல தினம் 10 கோடி லிட்டருக்கு ஒண்ணு, 2024-ல 15 கோடி லிட்டருக்கு இன்னொண்ணு திறந்தாங்க. சென்னைக்கு உப்பை எடுத்துட்டு தண்ணி அனுப்பறோம், உப்பை நாங்களே வச்சுக்கறோம் :-) தமாஷ் இருக்கட்டும். இங்க கேட் கீல், சைக்கிள் செயின், ஏசி அவுட்டோர் யூனிட் எல்லாத்தையும் உப்புக்காத்து தின்னும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்புத்தூள் தானாவே ஈரத்தை இழுத்துக் கரைஞ்சுடும். எங்க கடலோரத்துல ராத்திரிக்கு அதெல்லாம் சாதாரணம். மெஷின் ஓடற வரைக்கும் உள்ள கதகதப்பா காஞ்சிருக்கும். ஆஃப் பண்ணி ஆறினதும் உப்பு கரைஞ்சு ஈரமா படியும். என் மெஷின் இருக்கறதோ கிழக்குப் பார்த்த ஜன்னலோரம், மத்தியானம் கடல்காத்து நேரா உள்ள வர்ற இடம்.

இங்கதான் நான் வாங்கின பல்பு. மெஷின் வாங்கின புதுசுல, ஆஃப் பண்ணதும் அம்மா ஒரு பழைய துணியைப் போட்டு மூடி வைப்பாங்க. "உப்புக்காத்து ஆவாதுடா"ம்பாங்க. "துணி போட்டா மெஷினுக்கு மூச்சு முட்டும், நீ தொடாதே"ன்னு நான்தான் அதட்டி நிறுத்தினேன். ஆஃப்ல இருக்கற மெஷினுக்கு எங்கேர்ந்து மூச்சு முட்டும்? அவங்க ரெண்டு வருஷம் முன்னாடி போட்ட துணி சரி, முந்தாநேத்து போட்ட டவல் தப்பு. நான் ரெண்டையும் ஒண்ணா நினைச்சுட்டேன்.

ரிச்சி ஸ்ட்ரீட் போய்ப் புது ஒய் கேபிள் வாங்கி வந்தேன். ஃபேன், பம்ப் பிளக் எல்லாத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல பிரஷ் போட்டுத் துடைச்சேன். ரேடியேட்டர் தகடுலயும் உப்பு வெள்ளையாப் படிஞ்சிருந்துச்சு, அதையும் துடைச்சேன். மெஷினை ஜன்னலை விட்டு உள்பக்கச் சுவருக்கு மாத்தியாச்சு. ஒய் கேபிள்ல ஒரு ஃபேனோட வேகம்தான் மதர்போர்டுக்குத் தெரியும், இன்னொண்ணு செத்தாலும் சொல்லாது. அதனால வாரத்துக்கு ஒரு தடவை குனிஞ்சு ரெண்டும் சுத்துதான்னு கண்ணால பார்த்துக்கறேன்.

அம்மா கிட்ட போய், "பழையபடி மூடி வைம்மா, ஆனா ஆஃப் பண்ண அப்புறம் மட்டும்"னேன். ஒண்ணும் சொல்லல, ஒரு பார்வை மட்டும். அடுத்த நாள் பழைய சுங்குடிப் புடவையில உறையே தச்சுட்டாங்க, பார்டரெல்லாம் வச்சு.

நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒரு வளைகாப்பு ரெண்டரிங் ஓடுச்சு. தண்ணி 45. ஃபேன் சத்தம் கேக்கவே இல்ல, அம்மா குறட்டைதான் கேட்டுச்சு. அதுக்கு எந்தப் பின்ல கன்ட்ரோல்னு தேடிட்டு இருக்கேன் :-)