லயமும் லாயமும்

ஆஸ்திரேலியாவில் இருக்கும் தம்பி மகன் போன மாதம் கைப்பேசியில் ஒரு விளம்பரம் அனுப்பினான். கிராமத்துப் பக்கம் ஒரு வீடு, ஒட்டினாற்போல் குதிரை லாயம், வைக்கோல் கொட்டகை, மேய்ச்சல் நிலம். மொத்தமாக விற்பனைக்கு. 'வாங்கிடலாமா பெரியப்பா?' என்று கிண்டல் வேறு.

வாங்குவது கிடக்கட்டும். லாயத்துக்கு அளவு போட்டிருந்தார்கள். ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி. லயத்தில் பிறந்தவனுக்கு மனம் சும்மா இருக்குமா? கேமரன் மலையில் நாங்கள் ஏழு பேர் படுத்த அறை அதைவிடப் பெரிதில்லை. ஆங்கிலத்து 'லைன்'தான் நம் பாட்டன்மார் வாயில் லயம் ஆனது. லாயத்துக்கும் அதற்கும் எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம்.

குதிரை இல்லாவிட்டாலும் கோவேறு கழுதைக்கு எங்கள் மலையில் வரலாறு உண்டு. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பழகிய ஏ.பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். ஒரு ஸ்டீம் ரோலர், சில கோவேறு கழுதைகள், தொழிலாளர்கள். இவ்வளவையும் வைத்தே அந்தச் சரிவுக் காட்டைத் திருத்தினார்களாம். இந்தக் கதையில் எண்ணிக்கை சொல்லப்படுவது ஸ்டீம் ரோலருக்கு மட்டும்தான்.

நாங்கள் இருந்தது வேறொரு தோட்டம். லயத்துக்குப் பின்னால் அப்பா தகரமும் பலகையும் வைத்து ஒரு மாட்டுக் கொட்டகை கட்டியிருந்தார். இரண்டு பசுக்கள். குளிர் காலத்தில் அவற்றின் முதுகில் சாக்குப் போர்த்துவார். எங்களுக்குப் போர்வை போதாது என்று அம்மா முணுமுணுப்பார். விடிவதற்குள் அம்மா பால் கறந்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார். அண்ணன் தானா ராத்தா கடைகளுக்குப் பாலைக் கொண்டுபோவார். தோட்டத்துச் சம்பளம் வயிற்றுக்கு, பால் காசு படிப்புக்கு என்று வீட்டில் ஒரு கணக்கு. என் ஐந்தாம் படிவப் பரீட்சைக்குப் பணம் கட்டியது அந்தச் சிவப்புப் பசுதான்.

1986-இல் அப்பாவுக்கு 55 வயது முடிந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. வீடு தோட்டத்துடையது, அதில் பேச்சில்லை. கொட்டகை அப்பா கட்டியது. ஆனால் அது நின்ற மண் தோட்டத்துடையது. பிரித்து எடுத்தோம். 38 வருடம் உழைத்த இடத்தில் அவருக்கு விற்க முடிந்தது பதினாறு தகரமும் இரண்டு பசுவும். ரிங்லெட்டிலிருந்து வந்தவர் பசுக்களை லாரியில் ஏற்றியபோது அப்பா வெளியே வரவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரர்கள் ரப்பர் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதினார். விளம்பரத்தில் மரமும் ஏக்கரும் இருக்கும், லயத்துச் சனம் இருக்காது. தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்கலாம் என்று துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதனால்தான். எங்கள் தோட்டத்துப் பக்கம் அந்தக் காற்று வீசவில்லை. பிறகு 1990-இல் தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்ச அளவு சொல்லும் சட்டம் வந்தது. வசதிக்குத்தான் அளவு, சொந்தத்தைப் பற்றி அது பேசவில்லை.

சேமநிதிப் பணத்தில் அப்பா தாப்பாவில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். பட்டா அவர் பெயரில். அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஆறடி இடம், மாடு கட்டத் தோதில்லை. மலையிலிருந்து கொண்டுவந்த தேயிலைக் கன்று ஒன்றை அங்கே நட்டார். தாப்பா வெயிலுக்கு அது தாங்கவில்லை. அடுத்த மாதம் அந்தக் குழியிலேயே கறிவேப்பிலை வைத்தார்.